கட்டிங் ஜாஸ்தி இருக்கும்

துண்டுச் சீட்டில் மொத்தமே நான்கு வரிகள்தான். எஸ்.ஐ. சுபாஷ் அதை மேஜைமேல் விரித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டு, காணாமல்போன கோயில் நகையைக் கண்டுபிடித்தவர் மாதிரி பெருமையோடு பார்த்தார்.

"படிச்சுப் பாருங்க சார். அப்புறம் நீங்களே சொல்லுங்க."

காசிநாதன் படித்தார். துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டுவதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் அவர் தபால் இலாகாவில் இருந்தவர். முகவரி சரியில்லாத கடிதங்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிற பிரிவு. எழுத்தென்று ஒன்று கண்ணில் பட்டால் அவசரமே படமாட்டார். இரண்டாம் தடவையும் படித்தார். அவருடைய ஒரே உதவியாளரும், ஒரே டைப்பிஸ்டும், அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிற ஒரே ஆளுமான செந்தமிழ்ச்செல்வி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டாள்.

'நாளைக்கு பஸ் ஓடாது. கட்டிங் ஜாஸ்தி இருக்கும். விடியறதுக்குள்ள பின்பக்கமா வந்துடு. உன் கை இல்லாம ஆவாது.'

"கையெழுத்து இல்லை, தேதி இல்லை. ஆனா விஷயம் இருக்கு" என்றார் எஸ்.ஐ. "நேத்து மறியல் முதல் நாள். தியாகதுருகம் ரோட்டுல ஆறு புளியமரம் சாஞ்சு கிடக்கு. காலையில ஏழரை மணிக்குப் பத்துப் பேர் கோடாலியோட நின்னு வெட்டியிருக்காங்க. அங்க டியூட்டியில இருந்த நம்ம ஏட்டு அரங்கநாதன் கண்ணால பாத்திருக்கார். அதுல ஒருத்தனை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டார். சாயங்காலம் போய்த் தூக்கினா சட்டைப் பையில இந்தச் சீட்டு. கட்டிங்னா மரம் வெட்டறது. பின்பக்கமா வான்னா வயல் வழியா வான்னு அர்த்தம். உன் கைன்னா கோடாலி பிடிக்கிற கை. வேற எதாவது அர்த்தம் இருந்தா சொல்லுங்க."

எஸ்.ஐ. தெற்குச் சீமைக்காரர். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். வெற்றிலைகூடப் போடாதவர் என்று ஊரில் பேர். கெட்டவர் இல்லை. தங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுவதும் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில், மேலே இருந்து மணிக்கொரு தடவை ஆள் எங்கே, கேஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடித்து வந்தவர்களிடம் முதலில் சாதியைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு வேறெதுவும் கேட்கத் தேவைப்படவில்லை.

"கோடாலி பிடிக்கிற கையா சார் அது?" என்றாள் செல்வி. "நீங்க ஒருவாட்டி நல்லா பாருங்க. அந்தக் கைல கோடாலிய குடுத்தா கோடாலிதான் பயப்படும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்தார் கண்ணாயிரம். ஐம்பது வயது. அரசுப் பள்ளி ஒன்றில் லேப் அசிஸ்டென்ட். தடித்த கண்ணாடி. விரல் நுனியெல்லாம் ஏதோ மருந்துக் கறை ஏறி ஊதாவாக இருந்தது. நேற்றுக் காலை ஏழரைக்கு எங்கே இருந்தீர்கள் என்று காசிநாதன் கேட்டதற்கு அவர் தரையைப் பார்த்தார்.

"ஏய் தராசு, எழுந்து நில்லு. பெரியவரு கேக்கறாரு இல்ல" என்று அதட்டினார் பக்கத்தில் நின்ற ஏட்டு அரங்கநாதன்.

கண்ணாயிரம் பதறி எழுந்தார். லேப்காரருக்குத் தராசு என்று பட்டப்பேர், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று செல்வி நினைத்துக்கொண்டாள். யாரோ ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் அதை உடனே குடிக்கவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, தண்ணீரின் மட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் குடித்தார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தறோம். பதினஞ்சு நாள் ரிமாண்ட் நிச்சயம்" என்றார் எஸ்.ஐ.

பதினைந்து நாள் எதற்கு, இரண்டே நாள் போதும். அரசு ஊழியர் ஒருவர் நாற்பத்தெட்டு மணி நேரம் காவலில் இருந்துவிட்டால் தானாகவே சஸ்பெண்ட். காசிநாதனுக்கு அது தெரியும். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டேகால்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள் ராணியம்மாள். காசிநாதனை அமர்த்தியவள் அவள்தான். கச்சிராயபாளையத்தில் கரும்புக்காரர் வீட்டுப் பெண், கண்ணாயிரத்துக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்து மூன்று வருடம். கையில் தூக்குச்சட்டி.

"விடியறதுக்கு முன்னாலயே ஆலை லேபுக்கு போயிட்டாருங்க" என்றாள். "ரெண்டு மாசமா போய்க்கினு இருக்காரு. கரும்புச் சாறு அளந்து பாக்கற வேலையாம். எங்க பொண்ணு சிவரஞ்சனிக்கு டீச்சர் டிரெயினிங்ல கவர்மெண்ட் எடம் கிடைக்கல. ஒரு மார்க்குல போச்சு. பிரைவேட்ல சேக்கணும்னா சம்பளம் பத்தாது. அதான் காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்னு போறாரு. அங்க போய் கேட்டீங்கன்னா உண்மை தெரிஞ்சிடும்."

செல்வி வாயைத் திறந்தாள். காசிநாதன் கண்ணாலேயே அடக்கினார். ரோட்டுக்கு வந்தபிறகுதான் அவிழ்த்துவிட்டார்.

"இப்ப சொல்லு."

"சார், இது புரட்டாசி. ஆலை மூடிக் கிடக்கு. கார்த்திகை பொறந்தாதான் கரும்பே வெட்டுவாங்க. எங்க சித்தப்பா அஞ்சு ஏக்கர் போட்டிருக்காரு, எனக்குத் தெரியும். மூடின ஆலைல எந்தச் சாறை அளந்தாரு?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்" என்றார் காசிநாதன். "மனுஷன் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லிட்டு எங்கயோ போயிருக்காரு. மரம் வெட்டப் போறவரு ரெண்டு மாசம் முன்னாலேயே பொய் சொல்ல ஆரம்பிக்க மாட்டாரு."

கள்ளக்குறிச்சி அன்றைக்குச் செத்துக் கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் மாடு படுத்திருந்தது. கலெக்டர் உத்தரவில் ஒயின்ஷாப்புகள் எல்லாவற்றுக்கும் பூட்டு. திறந்திருந்த ஒரே டீக்கடையில் இருவரும் நின்றபோது, பக்கத்தில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, கட்டிங் போடலாமா? ஆளு கிடைக்காம சுத்திக்கினு இருக்கேன்."

"போடலாம். பாதி பாதிதான். முன்பக்கம் மூடியிருக்கு, பின்பக்கமா போவணும்."

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. காசிநாதனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சார், சார். இன்னும் ரெண்டு மரம் போவப்போவுது. ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் சொல்லட்டுமா?"

காசிநாதன் அந்த இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஒருவர் கையில் காகிதப் பொட்டலம். மற்றவர் அதிலிருந்து ஒன்றிரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சுண்டலோட எவன் மரம் வெட்டப் போறான்?" என்றார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "செல்வி, நீயும் குடிக்க மாட்டே, எஸ்.ஐ.யும் குடிக்க மாட்டாரு. ரெண்டு நல்லவங்களும் ஒரே குழியில விழுந்திருக்கீங்க. முழு குவார்ட்டர் வாங்க வசதியில்லாதவன் இன்னொரு ஆளைத் தேடிப் பிடிச்சு, ஒரு குவார்ட்டரை ரெண்டா பிரிச்சுக் குடிக்கிறதுக்குப் பேரு கட்டிங்."

செல்வி சீட்டை மனசுக்குள் மறுபடி படித்தாள். நாளைக்கு பஸ் ஓடாது. கூலி வேலை இருக்காது. முழுசாக வாங்க யாராலும் முடியாது. ஆகையால் கட்டிங் ஜாஸ்தி இருக்கும். தையல்கடையில் கட்டிங், முடிவெட்டும் கடையில் கட்டிங், ஒயின்ஷாப்பில் கட்டிங். ஒரே ஒரு சொல் ஊர் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் புளியமரமாகிவிட்டது.

சுண்டல் பொட்டலத்தின் பின்னாலேயே போனார்கள். அது ஒரு லாட்ஜின் பின்சந்தில், பாதி திறந்த தகரக் கதவில் முடிந்தது. முன்வாசல் கதவில் 'கடை கிடையாது' என்று சாக்குக்கட்டியால் எழுதியிருந்ததைக் காசிநாதன் வரும்போதே நின்று படித்துவிட்டுத்தான் வந்தார். அந்த 'யா'வின் காலும் சீட்டில் இருந்த 'ஜாஸ்தி'யின் 'ஜா'வின் காலும் ஒரே மாதிரி வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றன.

பார் நடத்துகிற ராஜதுரை முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். வாலைப் பற்றிச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாங்க எழுதினேன். ரெண்டு மாசமா கண்ணாயிரம் இங்கதான் ஊத்திக்கினு இருக்காரு. அவரு வர்றதுக்கு முன்னால இங்க தெனம் அடிதடி. உனக்கு ஜாஸ்தி, எனக்கு கம்மின்னு சட்டைய பிடிச்சிக்குவானுங்க. இவரு வந்து ரெண்டு கிளாசையும் கண்ணுக்கு நேரா தூக்கி பிடிச்சாரு. ஓரத்துல ஏறி நடுவுல வளையும் பாருங்க, அந்த அடிவளைவ பாத்து ஊத்துவாரு. லேபுல அப்பிடித்தான் ஊத்தணுமாம். ஒரு சொட்டு மாறாது. சண்டையே நின்னு போச்சு. தராசுன்னு பேரு வெச்சிட்டாங்க."

"அந்தப் பேரு எல்லாருக்கும் தெரியுமா?" என்றார் காசிநாதன்.

"இந்த நாலு சுவத்துக்குள்ளதான். வெளிய சொல்லிடாதீங்கப்பான்னு அவரு ஒவ்வொருத்தர் கைய பிடிச்சு கேட்டுக்கினாரு. ஸ்கூலுக்கு தெரிஞ்சா வேலை போயிடும் இல்ல."

செல்விக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

"நேத்து ஏழரைக்கு இங்கதானே இருந்தாரு? வந்து சொல்லிடுங்களேன்" என்றாள்.

ராஜதுரை கையெடுத்துக் கும்பிட்டார். "கலெக்டர் மூடச் சொன்ன நாள்ல தொறந்திருந்தேன்னு நானே போய் சொல்லணுமா? லைசென்ஸ் போயிடும்மா. என்னை விட்டுடு."

"அப்ப யாரு இருந்தா இங்க?"

"ரேடியோவுல ஏழேகால் நியூஸ் ஓடிக்கினு இருந்திச்சு. ரெண்டே பேருதான். ஒருத்தன் கரியன், வெள்ளிமலைக்காரன். கடுக்கா, தேன் கொண்டாந்து விப்பான். அவனோட கட்டிங் போட்டது இன்னொரு ஆளு." ராஜதுரை கிளாசைத் துடைக்க ஆரம்பித்தார். "அது யாருன்னு தெரியாது."

தெரியாதவர் அவ்வளவு நேரம் ஒரே கிளாசைத் துடைக்க மாட்டார். ஆனால் நேரமில்லை. மணி ஒன்பதரை.

மறியல்காரர்கள் உட்கார்ந்திருந்த ரோட்டை விட்டு விலகி, வாய்க்கால் கரையோடு காசிநாதனின் பழைய ஸ்கூட்டர் கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்தபோது செல்வியின் இடுப்பு இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அங்கிருந்து சடையனின் ஜீப். மலைக்கு உப்பு மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னும் ஏற்றிப்போகிற வண்டி. ஒவ்வொரு வளைவிலும் செல்வி ஒரு சாமியைக் கூப்பிட்டாள். வெள்ளிமலை வந்தபோது அவளிடம் சாமிகள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

கரியன் சாமைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. அவன் மனைவி ஆயம்மாள் வரப்பில் நின்று, கீழேயிருந்து வந்தவர்களைப் பயத்தோடு பார்த்தாள். கரியனுக்குப் பயம் எதுவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னான்.

"ஆமாங்க, ரேடியோவுல பேசும்போது கடையிலதான் இருந்தேன். கண்ணாடி போட்ட அய்யாதான் ஊத்தினாரு. அவர மறக்க முடியுமா?"

"ஏன் அப்பிடி?"

"என்கூட பாதி போட்டது ஒரு போலீசு அய்யா. வேட்டிதான் கட்டியிருந்தாரு, ஆனா கால்ல செவப்பு பூட்ஸு. தராசு, எனக்கு தூக்கி ஊத்து, மலைக்காரனுக்கு இன்னா தெரியப் போவுதுன்னாரு. கண்ணாடி அய்யா ஒண்ணும் பேசல. ரெண்டு கிளாசையும் தூக்கிப் பாத்து சரிசமமா ஊத்தி, என்னுதை மொதல்ல என் பக்கம் தள்ளினாரு." கரியன் களைக்கொத்தைக் கீழே வைத்தான். "கீழ நாட்டுல எனக்கு எவனும் சரியா அளந்து குடுத்ததில்லீங்க. உப்பு வாங்கினாலும் கம்மி, தேன் வித்தாலும் கம்மி. அந்த அய்யா ஒருத்தருதான் சரியா ஊத்தினாரு."

செல்விக்கு அப்போதுதான் அந்த உறுத்தல் பிடிபட்டது. அவள் காசிநாதனின் கையைப் பிடித்துவிட்டாள்.

"சார். அந்தப் பேரு பார்ல இருந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும். காலைல ஸ்டேஷன்ல ஏய் தராசுன்னு கூப்பிட்டது யாரு?"

"ஏட்டு அரங்கநாதன்" என்றார் காசிநாதன். "ஏழரைக்கு மரம் வெட்டினதைக் கண்ணால பாத்த சாட்சி."

"ஏழரைக்கு அந்தக் கண்ணு கிளாசைத்தான் பாத்துக்கினு இருந்திச்சு சார்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். பணியில் இருக்க வேண்டியவர் வேட்டி கட்டிக்கொண்டு குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் மரம் கிடக்கிறது. பார்த்தேன் என்று எழுதாவிட்டால் வேலை போகும். யார் பெயரையாவது எழுத வேண்டும். அந்த ஒரே பொய்மேல்தான் வழக்கு நிற்கிறது. அதை உடைக்க ஒரு சாட்சி போதும், அந்தச் சாட்சி இதோ நிற்கிறான்.

"எங்களோட வந்து இதை அப்பிடியே சொல்றியாப்பா?"

"வர்றேங்க. கண்ணால கண்டதை சொல்றதுக்கு இன்னா." கரியன் குடிசைக்குள் போய், துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கோடாலியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினான். "கீழ போறேன் இல்ல, வேலை கிடைச்சாலும் கிடைக்கும்."

மணி பன்னிரண்டேகால். செல்வி விரல் விட்டுப் பார்த்தாள். மூன்று மணிக்குள் கீழே போய்விடலாம். நான்கு மணிக்கு மாஜிஸ்திரேட். ராணியம்மாளிடம் போய் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட அவள் யோசித்துவிட்டாள்.

முதல் வளைவு திரும்பியது. காசிநாதனுக்கு எதையும் இரண்டாம் தடவை படிக்கிற பழக்கம் உண்டல்லவா. அவர் கரியனின் கோடாலியைப் பார்த்தார்.

"நேத்து தேன் கொண்டு போனியா, கடுக்காயா?"

"ரெண்டும் இல்லீங்க. மரம் வெட்ட ஆளு வேணும்னு முந்தா நாளே ஜீப்பு அனுப்பியிருந்தாங்க. எங்க ஊருலேர்ந்து நாலு பேரு போனோம். விடியறதுக்குள்ள ஆறு புளியமரம். ரோட்டுக்கு குறுக்கால விழுவணும்னு சொன்னாங்க, கரெக்டா விழுவ வெச்சேன். வேலை முடிச்சி, கூலிய வாங்கிக்கினுதான் கடைக்கு போனேன்."

களை பறித்தேன் என்று சொல்வது போலத்தான் சொன்னான். சடையன் வேகத்தைக் குறைத்துவிட்டான்.

"எதுக்காக மரத்தை வெட்டச் சொன்னாங்கன்னு கேட்டியா?" என்றாள் செல்வி.

"கேக்கலீங்க. ரோட்டை அகலம் பண்றாங்கன்னு நெனச்சேன்."

சாட்சிக் கூண்டில் ஏறி நீ காலையில் கள்ளக்குறிச்சிக்கு ஏன் வந்தாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இவன் இப்படியே, இதே முகத்தோடு, உண்மையைச் சொல்லிவிடுவான். சொல்லாதே என்று கற்றுக்கொடுத்தாலும் இவனுக்கு வராது. உள்ளே போனால் இவனுக்காக வக்கீல் வைக்க யாரும் வரமாட்டார்கள். போராடியவர்களின் பட்டியலிலும் இவன் பெயர் இருக்காது. ஆயம்மாளுக்குக் கடலூர் ஜெயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

காசிநாதன் முன்னால் குனிந்து சடையனின் தோளைத் தொட்டார்.

"சடையா, வண்டிய நிறுத்து."

ஜீப் நின்றது.

"இறங்கிக்கப்பா. நீ வர வேணாம்."

"ஏங்க? நான் பொய் சொல்ல மாட்டேங்க."

"தெரியும். அதனாலதான் வேணாங்கறேன். ஒரு ரெண்டு மாசம் கீழ வராதே. யாரு கூப்பிட்டாலும் வராதே. மரம் வெட்டினதை யார்கிட்டயும் சொல்லாதே."

கரியன் இறங்கி நின்றான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தக் கண்ணாடி அய்யாவ இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டான். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே வந்தபோது மணி மூன்று. ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை மறைவில் காசிநாதன் ஏட்டைத் தனியாகப் பிடித்தார். சுற்றி வளைக்கவில்லை.

"நேத்து ஏழேகால் நியூஸை எங்க உக்காந்து கேட்டீங்க ஏட்டய்யா?"

அரங்கநாதன் அவரைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மறுப்பார் என்று செல்வி எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவே இல்லை.

"மலைக்குப் போயிட்டு வந்தீங்களா? செருப்புல செம்மண்ணு ஒட்டிக்கினு இருக்கு. நாலு நாளா தூக்கமில்லீங்க சார். விடிகாலைல ஒருத்தனும் இல்லேன்னுதான் போனேன். அதுக்குள்ள வெட்டிட்டானுங்க."

"சரி, அதுக்கு இந்த மனுஷன் பேரை ஏன் எழுதினீங்க?"

"வேற யாரு என்னை அங்க பாத்தது? ராஜதுரை வாயத் தொறக்க மாட்டான். மலைக்காரனுக்கு என் பேரு தெரியாது. இவரு ஒருத்தருதான் படிச்சவரு. கேசுல இருக்கறவன் என்னைப் பத்தி சொன்னா எவனும் நம்ப மாட்டான் இல்ல."

"அந்தச் சீட்டு?" என்றாள் செல்வி. "கட்டிங்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாதா?"

அரங்கநாதன் சிரிக்கவில்லை. "தெரியாம என்னம்மா. எஸ்.ஐ. அய்யா சின்னப் பையன், மரம்னு படிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். இல்லீங்கய்யா, இது வேற கட்டிங்குன்னு நான் திருத்தியிருந்தா, உனக்கு எப்பிடிய்யா தெரியும்னு கேப்பாரு. அதான் வுட்டுட்டேன்."

காலையிலிருந்து அந்தச் சொல்லை ஒரு தப்பு என்று நினைத்து, தப்பைத் திருத்திவிட்டால் ஆளை மீட்டுவிடலாம் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். தப்பு செய்தவர் எஸ்.ஐ. ஒருவர்தான். அதைத் தப்பு என்று தெரிந்தே வளரவிட்டவர் எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கரியன் வந்து சொன்னா?" என்றார் காசிநாதன்.

"கூட்டிக்கினு வாங்க. அவன் தோள்ல கோடாலி இருந்திச்சே, நான் பாக்கலியா? கேசுல ரெண்டாவது பேரு எழுத எடம் காலியாத்தான் இருக்கு." டம்ளரை வைத்தார். குரல் இறங்கியது. "எனக்கும் மூணு பொண்ணு சார். நான் ஆசைப்பட்டா செய்யறேன்?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் செல்விக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நல்ல வில்லனாக இருந்திருந்தால் மனசாரத் திட்டவாவது செய்திருக்கலாம்.

மூன்றரைக்கு வேன் வந்தது. கண்ணாயிரத்தை ஏற்றுவதற்கு முன் இரண்டு நிமிடம் பேச விட்டார்கள். காசிநாதன் எல்லாவற்றையும் சொன்னார். எஸ்.ஐ.யிடம் கடை விஷயத்தை மட்டும் சொல்லிப் பார்க்கட்டுமா, சந்தேகமாவது வரும் என்றார்.

"வேணாங்கய்யா" என்றார் கண்ணாயிரம். அன்று முழுவதும் அவர் பேசிய முதல் வார்த்தை. "ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, கேசு நிக்காது. விடுதலைன்னு வந்தா வேலை திரும்பக் கிடைக்கும். பார்ல ஊத்தினேன்னு தெரிஞ்சா கிடைக்கவே கிடைக்காது. அந்த மலைக்காரரையும் இழுக்காதீங்க, பாவம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வூட்டுல மட்டும் ஆலைன்னே சொல்லிடுங்க. அவ குடியையே வெறுக்கறவ. அவ அப்பா குடிச்சி குடிச்சியே நெலத்தை அழிச்சவரு. நான் ஒரு சொட்டு தொட்டதில்லீங்க. ஆனா ஊத்திக் குடுத்தேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

வேன் கிளம்பிப் போனது. இரண்டு தெரு தள்ளிக் கோர்ட். பதினைந்து நாள் ரிமாண்ட் என்று சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ராணியம்மாள் கோர்ட் வாசலிலேயே நின்றிருந்தாள். தூக்குச்சட்டி இன்னும் திறக்கப்படாமல் கையில் இருந்தது. காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டார். அதனால் சொல்ல வேண்டியது செல்வியின் தலையில் விழுந்தது.

"ஆலையில கேட்டீங்களாம்மா?"

"கேட்டோங்க." செல்வி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அங்கதான் இருந்தாராம். லேபுல சாறு அளந்துக்கினு இருந்திருக்காரு. ஆனா வந்து சாட்சி சொல்ல யாரும் தயாரா இல்ல."

ராணியம்மாள் கேட்டுக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் கச்சிராயபாளையத்துக்காரிம்மா" என்றாள். "கரும்புக்கொல்லையில பொறந்தவ. ஆடியிலயும் புரட்டாசியிலயும் எந்த ஆலை ஓடும்?"

செல்வி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சட்டைய தொவைக்கறது நான்தானே. மொத வாரமே தெரிஞ்சிபோச்சு. அவரு குடிக்கலேன்னும் தெரியும், எங்க போறாருன்னும் தெரியும். பொண்ணுக்காக போறாரு, கேட்டா கூனிக்குறுகிப் போயிடுவாருன்னு கேக்கல. நீங்களா வேற வழி எதாச்சும் கண்டுபிடிப்பீங்கன்னுதான் காலைலயும் ஆலைன்னே சொன்னேன்." அவள் தூக்குச்சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அடுத்த வாரம் அவர பாக்கப் போவீங்க இல்ல? நான் நம்பிட்டேன்னு சொல்லிடுங்க. ஆலைன்னே இருக்கட்டும்."

பஸ் எதுவும் ஓடவில்லை. வெட்டிப்போட்ட மரங்களுக்கு நடுவே நடந்துதான் அவள் வீட்டுக்குப் போனாள்.